நான்கு கோரைப்பற்கள்

அத்தானுக்குப் பல்செட் செய்கிற தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை ஒரு பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிறத்தில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையின் மாடியில் மூன்று அறைகள். முன் அறையில் அரைக்கிற மோட்டாரும் பிளாஸ்டர் மூட்டைகளும், அலமாரி நிறைய யார் யாருடையவோ தாடைகளும். கடைசி அறையில் சமையலும் படுக்கையும். நடுவில், ஜன்னல் இருக்கிற அறையில், என் அக்கா.

பல் அடுக்குவது அவள் வேலை. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகை இளக்கி, பல்லை நிறுத்தி, வலது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். அந்த அழுத்தில்தான் எல்லாம் இருந்தது. வயதானவர்களுக்குச் செய்யும்போது ஏதாவது ஒரு பல்லை வேண்டுமென்றே மயிரிழை திருப்பி வைப்பாள். "எழுபது வயசுல எல்லாப் பல்லும் அணிவகுத்து நின்னா பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் வராதா?" என்பாள். டாக்டர்கள் வேறு இடத்துக்குப் போகாமல் இவர்களிடமே அனுப்பியதற்கு அந்த மயிரிழைதான் காரணம். அத்தானுக்கும் அது தெரியும். "நான் சிமென்ட் பூசுற ஆளு. வீடு கட்டுறது அவதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அத்தான் பேச்சுக்காரர். அக்கா சிரிப்புக்காரி. அவர் ஒன்று சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கடைவாய்ப்பல் தெரியச் சிரிப்பாள். கீழே மருந்து வாங்க நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். "பல்லுக்கடைக்கு விளம்பரமாடி நீ?" என்று அம்மா திட்டுவாள். அதற்கும் அதே சிரிப்பு.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை. புது செட்டைப் போட்டுப் பார்க்கும்போது எங்கேயோ இடிக்கும். கடி உயரம் என்பார்கள். ஒரு நீலத்தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே அரைக்க வேண்டும். மறுபடி கடி, மறுபடி அரை. "எந்தப் பிரச்சினைக்கும் ஒரு நீலப் புள்ளி இருக்கும் மச்சான். அதைக் கண்டுபிடிச்சு அரைச்சா முடிஞ்சது" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கூட்டாளிகள் சண்டை, தெருவில் தண்ணீர் தேங்குவது, என் வேலையின்மை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நீலத்தாள் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மரக்கடைக்காரர் மாடியேறி வந்தார். அதற்கு முன் மூன்று இடங்களில் செய்த செட்டுகள் அவர் வாயில் நிற்கவில்லை. அக்கா அடுக்கியது நின்றது. கையில் ஒரு செருப்புப் பெட்டி.

"எனக்குச் சிரிப்பைத் திருப்பிக் குடுத்தீங்க. பதிலுக்கு நான் ஒண்ணு தரணுமில்ல" என்று பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு குரங்குக்குட்டி, உள்ளங்கையளவு, ஒரு பழைய துண்டை நான்கு கையாலும் பற்றிக்கொண்டு கிடந்தது. மரம் வெட்டப் போன இடத்தில் கிடைத்ததாம். தாய் செத்துவிட்டதாம். எப்படிச் செத்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"பல்லுக்குப் பல்லு குடுத்திருந்தாகூடப் பரவாயில்ல. வாலோட குடுத்திருக்காரு" என்றாள் அக்கா.

ஆனால் அதற்குள் குட்டி துண்டை விட்டுவிட்டு அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரித்தெடுத்தால் கத்தியது. அவர் அதைப் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து அதற்குச் சின்னவர் என்று பெயர். சின்னவர் எழுந்தாச்சா, சின்னவர் பால் குடிச்சாச்சா என்று மரியாதையாகத்தான் கேட்பார். இரண்டு வருஷம் அது அவர் சட்டைக்குள்ளேயே வளர்ந்தது என்று சொல்லலாம். அச்சு கொண்டுவருகிறவர்கள், டாக்டர்கள், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் முன் அறைச் சுவர் முழுக்க. எல்லாவற்றிலும் சின்னவர் உதட்டைக் காதுவரை இழுத்து அத்தனை பல்லையும் காட்டியிருப்பார்.

"சிரிக்கிறான் பாருங்க! எண்ணிப் பாருங்க, பெருசானா மனுஷனுக்கு இருக்கிற அதே முப்பத்திரண்டு. இந்த வரிசையை நான் இருபது வருஷத்துல ஒரு மனுஷ வாயில பார்த்ததில்ல" என்பார் அத்தான்.

மோட்டாரை ஓடவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும். அதனால் யாராவது புதிதாக வந்தால் அத்தான் மோட்டாரைப் போட்டுக் காட்டுவார். வாழ்நாள் முழுவதும் சிரிப்பு செய்து விற்ற மனிதர். அவர் சொன்னால் அது சிரிப்புத்தான் என்று எல்லோரும் நம்பினோம்.

நான்காவது வருஷம் பால்பல் போய், கோரைப்பற்கள் இறங்கின. மேலே இரண்டும் என் சுண்டுவிரல் நுனி நீளம், கத்தியைப் போலப் பின்புறம் கூர். சின்னவர் சட்டைக்குள் கொள்ளாத அளவுக்கு வளர்ந்து, இடுப்பில் சங்கிலி ஏறியது. ஒரு நாள், அச்சுப்பெட்டி கொண்டுவருகிற பெண்ணின் கணுக்காலைக் கிழித்தது. ஆறு தையல். அவள் அதற்குப் பிறகு பெட்டியை மருந்துக்கடையிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

மிருக வைத்தியர் வந்து, அறைக்குள் நுழையாமல் வாசலிலிருந்தே பார்த்தார்.

"இப்பவே காப்பகத்துல குடுத்திடுங்க. இந்த வயசுல குடுத்தா அவங்க மெதுவா ஒரு கூட்டத்தோட பழக்கிச் சேர்த்திடுவாங்க. இன்னும் ஒரு வருஷம் போனா கஷ்டம்."

"பல்லுதானே சார் பிரச்சினை?" என்றார் அத்தான்.

"பல்லு இல்லங்க. அது பெருசாயிடுச்சு. அதான் பிரச்சினை."

அவர் படியிறங்கியதும் அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பல்லைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறாரு மச்சான்."

நீலப் புள்ளி அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. சிநேகிதரான ஒரு பல் டாக்டரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடியிருந்த கிளினிக்கில், மனிதர்கள் சாய்கிற நாற்காலியில் சின்னவரை மயக்கிப் படுக்க வைத்து நான்கு கோரைப்பற்களையும் பிடுங்கினார்கள். அக்கா போகவில்லை.

"அது வாயைத் திறந்து எடுங்கன்னு உங்ககிட்ட சொல்லிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்காகத்தான்மா. உன் கை பக்கத்துலதானே அது சுத்துது."

பற்களை ஒரு மருந்துப் புட்டியில் போட்டு அலமாரியில், தாடைகளுக்கு நடுவே வைத்தார். சின்னவர் ஒரு வாரம் மூலையில் முகத்தைச் சுவருக்குத் திருப்பி உட்கார்ந்திருந்தது. பிறகு சாப்பிட்டது. பிறகு மறுபடி அவர் தோளில் ஏறியது. "இப்ப இவரும் நம்ம கஸ்டமர்" என்று அத்தான் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கிலியைக்கூடக் கழற்றிவிட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பல் இருந்தவரை அதற்குச் சங்கிலி இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. நான் அம்மா கொடுத்தனுப்பிய எதையோ கொடுக்கப் போயிருந்தேன். அக்கா ஜன்னலோரம் மெழுகு வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கையில் திரும்பி வந்த ஒரு செட்டோடு பக்கத்தில் நின்றார். சின்னவர் அலமாரி மேல்.

"ரிட்டயர்ட் வாத்தியார் செட்டைத் திருப்பி அனுப்பிட்டாரு" என்றார் அத்தான்.

"ஏன், இடிக்குதாமா?"

"இடிக்கலையாம். மாட்டிக்கிட்டு எவ்வளவு பேசினாலும் வீட்டுக்காரம்மா காதுல வாங்க மாட்டேங்கிறாங்களாம். பல்லுன்னா அரைச்சுத் தரலாம். அந்தம்மா காதை எங்கிருந்து அரைக்கிறது?"

அக்கா சிரித்தாள். வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்து, வலது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. அவள் கண் தற்செயலாக அலமாரிப் பக்கம் போனது.

அது குதித்ததை நான் பார்க்கவில்லை. கையைப் பற்றியிருந்ததைத்தான் பார்த்தேன். கிழிக்கக் கோரைப்பல் இல்லாததால் கடைவாயில் வைத்து மென்றது. கட்டைவிரல் அடியில், எலும்போடு. இன்னொரு கையின் நகம் அவள் கன்னத்தில். அத்தான் பிளாஸ்டர் கலக்கும் கிண்ணத்தால் அடித்தார், மறுபடி அடித்தார், மூன்றாவது அடிக்குத்தான் விட்டது. விட்டதும் மூலைக்கு ஓடி, உதட்டை இழுத்து முப்பது வருஷச் சிநேகிதனைப் போலப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தெருவைக் கடந்தால் ஆஸ்பத்திரி. குழாயடியில் கால்மணி நேரம் கையைக் கழுவினார்கள். ஊசிகள், பிறகு ஊசிகள், காயத்தில் சீழ், இரண்டு அறுவை. நரம்பும் தசைநாரும் நசுங்கிப்போயிருந்தன. ஒரு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்த டாக்டரிடம் அத்தான், "மெழுகுக் கத்தி பிடிக்க எவ்வளவு நாளாகும் சார்?" என்று கேட்டார்.

"முதல்ல ஸ்பூன் பிடிக்கட்டும்" என்றார் டாக்டர். கட்டைவிரல் மடங்கவில்லை. மடங்கவும் மடங்காது.

அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. சண்டை போடவில்லை. வாசலில் நின்ற அத்தானிடம், "அது என்னிக்கு அந்த வீட்டை விட்டுப் போகுதோ, அன்னிக்கு நான் வரேன். ஒரு நாள் முன்னாடி கூப்பிடாதீங்க. ஒரு நாள் தாமதிக்கவும் மாட்டேன்" என்றாள். கொண்டுவந்த பையை அவள் பிரிக்கவே இல்லை. தினமும் அதிலிருந்து ஒரு புடவை எடுத்து, துவைத்து, மடித்து, மறுபடி அதிலேயே வைப்பாள். அம்மா அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் வைக்கவில்லை.

காப்பகத்துக்கு நானும் போனேன். வாடகை வண்டியில் பின்னால் கூண்டு. அங்கே ஒரு டாக்டரம்மா, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் பழைய தழும்பு. சின்னவரைப் பார்த்தார். சின்னவர் பல்லைக் காட்டியது.

"ரொம்ப பயப்படுது" என்றார்.

"இல்லம்மா, சிரிக்கிறான். அவன் எப்பவும் இப்படித்தான்" என்றார் அத்தான்.

"உதட்டைப் பின்னால இழுத்துப் பல்லைக் காட்டினா அது பயம். என்னை ஒண்ணும் செஞ்சிடாதேன்னு கெஞ்சுறது. எப்பவுமே இப்படித்தான்னா எப்பவுமே பயந்துக்கிட்டிருந்திருக்கு." பிறகு, "கடிச்சப்போ கடிபட்டவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். "சிரிச்சிட்டிருந்தாங்க."

"வாயைத் திறந்து, கண்ணைப் பார்த்து? அவங்க பாஷையில அதுக்குச் சண்டைக்கு வான்னு அர்த்தம். அதுவும் அது தன்னோட ஆளுன்னு நினைக்கிறவர் மேல கையைப் போட்டுக்கிட்டு."

சுவர் நிறைய இருந்த படங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. மோட்டார் ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா சின்னவரை மயக்கி வாயைத் திறந்தார். விளக்கை அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"கோரைப்பல் எங்க?"

"எடுத்தாச்சு."

"இப்ப இதை நான் எந்தக் கூட்டத்துல விடுறது? ஆண் குரங்குக்கு அதுதான் எல்லாம். இல்லாம உள்ள போனா மத்த குரங்குங்க இதை ரெண்டு நாள்ல கிழிச்சுப் போட்டுடும். தனிக் கூண்டு பன்னிரண்டு வெச்சிருக்கேன். பன்னிரண்டுலயும் இந்த மாதிரி ஆளுங்கதான் உட்கார்ந்திருக்கு. பல்லோட கொண்டுவந்திருந்தா எடுத்துக்கிட்டிருப்பேன்."

திரும்பி ஊருக்குள் நுழைந்ததும் அத்தான் என் தொடையில் தட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம்.

"பல்லோட கொண்டுவந்தா எடுத்துக்கிறேன்னுதானே சொன்னாங்க? மச்சான், நம்ம தொழில் என்னடா?"

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பேச்சு எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.

பத்து நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். பிளாஸ்டரில் ஒரு வாய். மேல்தாடை, கீழ்த்தாடை, நான்கு இடங்களில் பள்ளம். கூடவே ஸ்பிரிட் விளக்கும் மெழுகும் கத்தியும்.

"நாலே நாலு பல்லு. நான் வெச்சா கோணிப்போகுது. நீ வெச்சாதான் நிக்கும்" என்றார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. "எந்த முகத்தோட மாப்பிள்ளை இதை எடுத்துக்கிட்டு..." என்று தொடங்கினாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

தாடைகளை இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எந்த நோயாளியின் அச்சையும் பார்ப்பதுபோல. பிறகு தன் வலது கட்டைவிரலை நடுவில் வைத்து இரண்டையும் மூடினாள். தழும்பும் பல்லும் ஒன்றின்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல் உட்கார்ந்தன.

"அச்சு நல்லா எடுத்திருக்கீங்க. கடி சரியாப் பொருந்துது" என்றாள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அக்காவும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவள் கண் ஒரு கணம் மூலையிலிருந்த பையைப் பார்த்துத் திரும்பியதை நான் கவனித்தேன்.

"விளக்கை ஏத்துங்க. மேல்பல்லு கொஞ்சம் வெளிப்பக்கம் சாயணும். நேரா நின்னா கீழ இடிக்கும்."

நான்கு பல்லுக்கு நான்கு மணி நேரம் ஆனது. அவர் வைப்பார், அவள் சொல்வாள், அவர் பிரிப்பார். கடைசியில் பொறுக்காமல் அவளே இடது கட்டைவிரலால் அழுத்தினாள். பழகாத விரல். மெழுகு சுட்டது. ஊதிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். முடிந்தபோது பிளாஸ்டர் வாய் முழுமையாகியிருந்தது, கடிக்கத் தயாராக. தன்னைக் கடித்த வாய்க்குத் தன் கையாலேயே பல் வைத்துக் கொடுத்தாள், வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. அன்று இரண்டு புடவைகளை இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

அத்தான் அவற்றை வார்த்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டும்படி தகடு வைத்து, அதே டாக்டர் சிநேகிதரை மறுபடி கெஞ்சி, சின்னவரை மறுபடி மயக்கி ஒட்டினார். மூன்றாம் நாள் காப்பகம். மறுபடி நான்.

கூண்டுக்குள் சின்னவர் வாய்க்குள் விரலை விட்டு நோண்டிக்கொண்டே வந்தது. போய்ச் சேர்ந்தபோது நான்கில் இரண்டு கூண்டின் அடித்தட்டில் கிடந்தன. ஈறிலிருந்து ரத்தம். டாக்டரம்மா ஒன்றைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"நாங்கதான். நானும் என் வீட்டுக்காரியும்."

"சாய்வுகூடச் சரியா இருக்கு" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "இது பல்செட் இல்ல சார், ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்க. குரங்கு எதையாவது கடிச்சா இந்தப் பல்லுதான் உடையும். ஒட்டின ரெண்டு நல்ல பல்லும் இப்ப ஆடுது. அதையும் எடுக்கணும்."

பிறகு உட்காரச் சொல்லி, மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னார். இரண்டே வழி. ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடலாம். அதற்கு வளர்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பெரிய கூண்டாகக் கட்டி அவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

"எவ்வளவு நாளைக்கு?"

"நல்லா பார்த்துக்கிட்டா இன்னும் இருபது வருஷம்."

அத்தான் கையெழுத்துக்கான படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏழு வருஷத்துக்கு முன்னால் சின்னவர் பிடித்துக்கொண்ட அதே இடம்.

சாயங்காலம் எங்கள் வீட்டு மேசைமேல் அந்தப் படிவம் விரிந்து கிடந்தது. அக்கா ஒரு முறை படித்தாள். அத்தான் பேனாவை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார். "சட்டைக்குள்ள வெச்சு வளர்த்தது" என்றார். பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ போட்டுடேன். உன்னைத்தானே கடிச்சது. நீ போட்டா அதுல ஒரு நியாயம் இருக்கும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் வலது கையை மேசைமேல், படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மடங்காத கட்டைவிரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

"பிடுங்கினது நீங்க. பல்லு வெச்சுக் குடுத்தது நான். அதைக் கொல்றதுக்கும் நான்தான் வரணுமா? கையெழுத்துப் போடவும் கை வேணும்ங்க."

அத்தான் படிவத்தை மடித்தார். போகும்போது பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை அக்கா பையைப் பிரித்து, அம்மா ஒதுக்கிக் கொடுத்த அலமாரியில் புடவைகளை அடுக்கினாள்.

நடு அறையில் இப்போது சுவரோடு சுவராகக் கூண்டு. ஜன்னலையும் சேர்த்து அடைத்துக்கொண்டது. பல் அடுக்குவதை அத்தானே செய்கிறார். பற்கள் நேராக, ஒழுங்காக நிற்கின்றன; டாக்டர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சுவரிலிருந்த படங்களை அவர் கழற்றிவிட்டார். மோட்டாரை மாடிப்படி முனைக்கு மாற்றிக்கொண்டார், சத்தம் உள்ளே போகாமல் இருக்க. யாராவது கூண்டைப் பார்த்து, "அட, சிரிக்குதே!" என்றால் பேச்சை மாற்றுகிறார்.

போன மாதம் அக்கா தன் விளக்கையும் கத்தியையும் எடுத்துவர வேண்டும் என்றாள். சின்னவருக்குப் பல் அடுக்கிய அன்று எங்கள் வீட்டிலிருந்து அத்தான் அவற்றைத் திருப்பி எடுத்துப் போயிருந்தார். எதற்கு, அவற்றால் இனி என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. துணைக்குப் போனேன்.

நடு அறைக்குள் நுழையும்போதே பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டாள். வாயை இறுக மூடியிருந்தாள். காப்பகத்தில் கேட்டதை நான் அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். சின்னவர் அவளைக் கண்டதும் கூண்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு உதட்டை இழுத்தது. முன்வாயில் பெரிய பள்ளம்.

அத்தான் விளக்கைத் துடைத்து, கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தார். நீட்டிய கையோடு நின்றார். என்ன பேசுவதென்று தெரியாதபோது அவருக்கு வருவது ஒன்றுதான்.

"அந்த ரிட்டயர்ட் வாத்தியார் மறுபடி வந்தாரு. இப்ப வீட்டுக்காரம்மாவும் செட்டு கட்டிக்கிட்டாங்களாம். 'முன்னாடி நான் பேசினா அவதான் கேட்கல, இப்ப அவ பேசுறதை நான் கேட்கணுமே. ரெண்டையும் திருப்பி எடுத்துக்குங்க'ன்னு கெஞ்சுறாரு."

அக்காவின் தோள் குலுங்கியது. கழுத்து பின்னால் சாயப் பார்த்தது. வலது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். மடங்காத விரல் மூக்கை ஒட்டி நீண்டு நின்றது. கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே திரும்பி வெளியே வந்தாள். கூண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

படியில் பாதி இறங்கி நின்று கையை எடுத்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு இல்ல, அவர் சொன்னது?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

விளக்குப் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடிக்காமல், மீதிப் படிகளில் இறங்கினாள்.